மருத்துவபீடம் போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும்?

வெட்டுப்புள்ளி வெளியாகி மருத்துவபீடம் உறுதியானதும் தோட்டத்து வீடுகளில் அதிகம் பேசப்படுவது காசைப் பற்றித்தான். எந்தப் பல்கலைக்கழகம், விடுதி கிடைக்குமா, வெள்ளை மேலங்கி எங்கே தைப்பது என்று தொடங்கும் பேச்சு, "லெப்டொப் ஒன்னு கட்டாயம் வேணுமாமே" என்பதில் வந்து நிற்கும். அடுத்த கிழமை யாராவது ஒரு சொந்தக்காரர், "இப்ப எல்லாப் பிள்ளைங்களும் ஐபேட்தான் வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அத்தோடு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போவதைப் பற்றி யோசனை தொடங்கிவிடும்.

உண்மையில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவருக்கு என்ன தேவை, எப்போது தேவை, எதைத் தள்ளிப்போடலாம் என்பதே இந்தக் கட்டுரை. பசறை, லுணுகலை, ஹாலி எல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை தோட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரையும் சந்தித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, மேலும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி என்று வைத்துக்கொண்டால், தோட்டத்துக் கணக்கில் அது 86 பேர். சேமலாப நிதிக் கழிவையோ, மழைநாளில் விழும் அரைப்பேரையோ நான் இதில் சேர்க்கவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு சதம் செலவழிக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் ஒருவர் கொழுந்து எடுத்தால்தான் அந்தக் காசு சேரும். அதனால் "எது நல்ல லெப்டொப்" என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன.

சொந்த எண், சொந்த மின்னஞ்சல்

பெரும்பாலான லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்த கதை மலையகத்தில் எந்த ஊரில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பமும், தெரிவானபின் பதிவும் இணையவழியில் நடக்கின்றன. அறிவித்தல்கள் மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் வருகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு இது ஒருவகையில் நல்லதே. ஆனால் அந்த எண்ணும் மின்னஞ்சலும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

நடைமுறையில் பல பிள்ளைகளின் சிம் அட்டை அப்பா பெயரிலோ, கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் பெயரிலோ இருக்கிறது. மின்னஞ்சலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கொமினிகேஷன் கடைக்காரர் திறந்திருப்பார். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். பெறுபேறு வந்த கிழமையிலேயே இதைச் சரிசெய்யுங்கள். உங்கள் தேசிய அடையாள அட்டையில் ஒரு சிம் எடுங்கள். சான்றிதழில் உள்ள பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கடை திறந்த பழைய மின்னஞ்சலை ஏற்கெனவே விண்ணப்பத்தில் கொடுத்திருந்தால் அதை விட்டுவிடாமல் கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைப் போடுங்கள்.

பெயர் எழுத்துகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி ஆங்கில எழுத்துக்கூட்டல் இருப்பது தோட்டங்களிலும் போரில் ஆவணம் இழந்து திரும்ப எடுத்த குடும்பங்களிலும் சாதாரணம். பல்கலைக்கழகக் கணக்கு, வங்கிக் கணக்கு, மகாபொல எல்லாம் ஒரே பெயரில் ஓட வேண்டும். பிழை இருந்தால் சத்தியக்கடதாசி முடித்து ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

உடனே வாங்காதீர்கள்

என் அபிப்பிராயம் இது: கையில் ஓரளவு நல்ல அன்ட்ரொய்ட் தொலைபேசி இருந்தால் அதோடு மட்டும் பீடத்துக்குப் போங்கள். ஒரு மாதம் கழித்து வாங்குங்கள். விரிவுரைக் குறிப்புகள் எந்த வடிவில் வருகின்றன, பீடத்துக் கணினி ஆய்வுகூடம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, விடுதியில் வைஃபை எட்டுகிறதா என்பவை நேரில் போனால்தான் தெரியும். படிப்பை முடித்துப் போகும் சிரேஷ்ட மாணவர்கள் தங்கள் மடிக்கணினியையும் மேசை விளக்கையும் எலும்புத் தொகுதியையும் விற்பதும் உண்டு.

தொலைபேசி வாங்குவதானால் காசு கொடுப்பதற்கு முன் நட்சத்திரக்குறி, ஹேஷ்குறி, 06, ஹேஷ்குறி என்று அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பதிவில்லாத கருவி மலிவாகத்தான் இருக்கும். பின்னால் வரும் தலைவலி மலிவாக இராது.

மடிக்கணினி பாவித்ததாக இருந்தாலும் பாதகமில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் வணிகரக மடிக்கணினிகள் பல நேரங்களில் கடையில் மினுங்கும் புது மலிவுக் கருவிகளைவிட உழைக்கும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமானால் இன்டெல் செயலி பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். கடைகளில் இப்போது 4ஆம், 6ஆம் தலைமுறைக் கருவிகள் விலை குறைந்து குவிவதற்கு இதுவே காரணம். "சேர், ஐ5தான்" என்று கடைக்காரர் சொன்னால் எந்தத் தலைமுறை ஐ5 என்று கேளுங்கள். அப்படி ஒரு பழைய கருவி இலவசமாகக் கிடைத்தால் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் குறிப்பு வாசிக்கவும் எழுதவும் சில வருடம் ஓடும்.

மற்றபடி நினைவகம் 8 ஜிபி இருந்தால் போதும். சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். 256 ஜிபி தாராளம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு பதுளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ, செங்கலடி வீதி வழியே மட்டக்களப்புக்கோ இரவு பஸ்ஸில் வருடத்துக்கு நாலு தடவை குலுங்கிப் போய்வருவது நல்ல யோசனை அல்ல. பேட்டரியை நம்பிக் கேட்காதீர்கள். கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஒரு காணொளியை ஓடவிட்டுப் பாருங்கள். தவணைக்கு எடுப்பதென்றால் மாதத் தவணையைப் பார்க்காமல் மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டுங்கள். நுண்கடனுக்கு மட்டும் போகவேண்டாம். அது வடக்கிலும் கிழக்கிலும் பெண்களைப் படுத்திய பாட்டை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லயத்துக்குள் நம்பிக்கையானவர்கள் போடும் சீட்டு அதைவிட மேல்.

ஐபேட், டெப் விடயம்: விரிவுரையின் பிடிஎஃப் மேல் பேனாவால் எழுதலாம், படம் வரையலாம், வசதிதான். ஆனால் அது இரண்டாவது கருவி. ஒப்படை எழுதவும் பின்னாளில் ஆய்வுத்தரவைக் கணக்குப் போடவும் விசைப்பலகையுள்ள கணினிதான் வேண்டும். உடற்கூற்றியல் படத்தை ஏ4 தாளில் பென்சிலால் வரைந்து மனப்பாடம் செய்து வைத்தியரானவர்களே இந்த நாட்டில் அதிகம். ஸ்டெதஸ்கோப்புக்கும் அவசரம் இல்லை. வாட்டுக்குப் போகும் காலம் வரும்போது வாங்கினால் போதும். வாழ்த்த வரும் மாமா பரிசாகக் கேட்டால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் அது சேர்ந்த முதல் மாதமே கைக்கு வரும் என்று எண்ணி எதையும் கடனுக்கு எடுக்காதீர்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில்

2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் காட்டுக்குள் நடந்து, சுமார் 30 அடி உயர மரவீட்டில் ஏறி இணைய வகுப்புக்குச் சிக்னல் பிடித்த செய்தி உலக ஊடகங்களில் வந்தது. பெரியவர்கள் காவலுக்குக் கூடப் போனார்கள். இன்று நிலைமை ஓரளவு மாறியிருந்தாலும் விடுமுறைக்கு வீடு வரும் மருத்துவ மாணவருக்கு மலைச்சரிவின் மறுபக்கத்தில் உள்ள லயத்தில் இணையம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே இணையம் இல்லாத நாளுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் அமைத்துக்கொள்வதே புத்தி.

வளாகத்தில் இருக்கும்போது இறக்குங்கள், வீட்டில் இருக்கும்போது படியுங்கள். நமது பல்கலைக்கழகங்களை லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு இணைக்கிறது. கொவிட் காலத்தில் பல்கலைக்கழகங்களின் இணையவழிப் படிப்புக்கு இலவச டேட்டா கிடைத்ததும் இதன் வழியாகத்தான். பல வளாகங்களில் இடுரோம் என்ற வைஃபை இருக்கிறது. உங்கள் பீடம் தரும் ஒரே கணக்கால் அது உள்ள வேறு வளாகத்திலும் நுழையலாம். பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்ததும் அதோடு மைக்ரோசொப்ட் அல்லது கூகுள் கல்விக் கணக்கு வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் வேர்ட், எக்செல் போன்றவற்றுக்குக் காசு கொடுக்கவோ, திருட்டுப் பிரதி போடவோ தேவையில்லை. அதுவும் இல்லையென்றால் லிப்ரே ஒபிஸ் இலவசம். உடைத்த மென்பொருளோடு வைரஸும் வரும்; அந்த வைரஸ் பென் டிரைவ் வழியாக முழு பட்சுக்கும் போகும்.

நூல்களில் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட உடற்கூற்றியல், உடற்றொழிலியல் நூல் முழுதாக இலவசமாக இறக்கலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இணைய நூலடுக்கும் இலவசம். மற்றப் பெரிய நூல்கள் பீட நூலகத்தில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி போன்ற வாசல்கள் எவை உங்கள் நூலகத்தில் திறந்திருக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள். நூலகரிடம் பேசுவது மிகக் குறைவாகப் பயன்படும் தொழில்நுட்பம்.

வீட்டில் இருக்கும்போது இன்னொன்று. ஊவாவில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை கடுமை. முழக்கம் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது.

மின்சாரமே இல்லாமல் படித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடம் போர்க்காலத்திலும் இயங்கியது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் டோர்ச் பேட்டரிகூடக் கிடைக்காமல், ஜாம் போத்தல் விளக்கில் உடற்கூற்றியல் படித்தவர்கள் இன்று நிபுணர்களாக இருக்கிறார்கள். அந்தப் பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த டொக்டர் ராஜினி திராணகம, அதற்கு முன் வைத்தியராகக் கடமையாற்றிய இடம் நம் ஹல்துமுல்லை. 1980இல் யாழ்ப்பாணம் திரும்பி விரிவுரையாளரானார். 1989 செப்டம்பர் 21 அன்று பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதைச் சொல்வது "அவர்கள் விளக்கில் படித்தார்கள், உனக்கு எதற்கு லெப்டொப்" என்று கேட்பதற்காக அல்ல. அன்று வகுப்பில் இருந்த எல்லோருக்கும் விளக்கு ஒன்றுதான். இன்று பக்கத்து மேசையில் இருப்பவரிடம் எல்லாமே இருக்கும். உங்களிடம் மட்டும் இராது. அந்த வித்தியாசம்தான் முதலாம் ஆண்டில் பிள்ளைகளைச் சுருங்கவைக்கிறது.

நாடியா, தமனியா?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவும் இருக்கின்றன. இந்த வழியில் வரும் பிள்ளைக்கு மூளை குறைவு என்று யாராவது சாடைமாடையாகச் சொல்லக்கூடும். குறைவாக இருந்தது ஆங்கிலமும் ஆய்வுகூடமும்தான்.

உயர்தரம்வரை தமிழில் உயிரியல் படித்தவர் முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். இங்கேதான் தொலைபேசி மிக உதவும்; இங்கேதான் ஏமாற்றவும் செய்யும். மொழிபெயர்ப்புச் செயலிகளும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கலைச்சொற்களையே தருகின்றன. நமது பாடநூலில் கலம், அவர்களுக்குச் செல். நமக்கு இழையம், அங்கே திசு. நமக்கு நொதியம், அங்கே நொதி. மிகவும் குழப்புவது இரத்தக்குழாய்கள்: நாம் நாடி, நாளம் என்று படித்தவற்றை அவர்கள் தமனி, சிரை என்கிறார்கள். நாடி என்றால் நாடித்துடிப்பும் ஆகும். இரத்த நாளம் என்று அங்கே பொதுவாக எல்லா இரத்தக்குழாயையும் சொல்வார்கள். இயந்திரத்தை நம்பி வாசித்தால் எந்தக் குழாயில் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தலைகீழாகிவிடும்.

ஆகவே சொந்தச் சொல்லட்டை செய்யுங்கள். அங்கி என்ற செயலி 2006இல் வந்தது. கணினியிலும் அன்ட்ரொய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் நமது பாடநூல் சொல்லும் ஒரு சின்னப் படமும். மறக்கப்போகும் நேரம் பார்த்து அது திரும்பக் கேட்கும். இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு நாளைக்கு 20 புதுச் சொல் போதும். மற்றவர் செய்த பத்தாயிரம் அட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டு திறக்காமலே விடுபவர்களே அதிகம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொல் தொகுத்தார். அமெரிக்காவில் இருக்கும் அவரது கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று பொறித்திருக்கிறது. அந்த வழி தொடரவில்லை. ஆனால் நாளை உங்கள் முன் உட்காரும் நோயாளி தமிழில்தான் வலியைச் சொல்வார். சொல்லட்டையில் தமிழ்ப் பக்கத்தை அழித்துவிடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரையாடிகளிடம் ஒரு பந்தியை எளிய ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மருந்தின் அளவை மட்டும் அவற்றிடம் கேட்காதீர்கள். பிழையைக்கூட மிகத் தெளிவாகச் சொல்லும்.

மூன்று இடத்தில் பிரதி

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மண்சரிந்தது. மின்சாரமும் தொடர்பும் அறுந்தன. வன்னியில் 2009இல் ஆவணப் பையை ஒவ்வொரு இடப்பெயர்விலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடியவர்களுக்கு இது எதைச் சொல்கிறது என்பது விளங்கும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், அனுமதிக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைத் தொலைபேசியில் தெளிவாக ஸ்கேன் செய்து, உங்கள் மின்னஞ்சல் கணக்கின் மேகச் சேமிப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று என வையுங்கள். அந்த மூன்றாமவர் உங்கள் தோட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியில் திரும்பப் பெறலாம். ஆனாலும் சுட்டெண்ணும் ஆண்டும் கையில் வேண்டும். படிப்புக் குறிப்புகளுக்கும் இதே விதி. என் ஊடகக் கற்கைகள் ஆய்வறிக்கையின் கடைசி வடிவம் ஒரேயொரு பென் டிரைவில் இருந்தது. அதை விட்டுவந்த கடையில் எத்தனை தரம் கேட்டும் கிடைக்கவில்லை. பழைய வடிவத்திலிருந்து ஒன்றரை மாதம் இருந்து திரும்ப எழுதினேன்.

கெமராவை உள்ளே வையுங்கள்

உடல் வெட்டும் மண்டபத்துக்குள் தொலைபேசியை வெளியே எடுக்காதீர்கள். அங்கே கிடப்பவர் தன்னைக் கொடுத்தவர், அல்லது கேட்க ஆளில்லாமல் போனவர். வாட்டுக்குப் போகும் காலத்திலும் நோயாளியின் முகம், கட்டிலட்டை, அறிக்கை எதையும் பட்ச் வட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. உரையாடிச் செயலியில் பெயரோடு தட்டச்சு செய்வதும் அதே தவறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது. காயம்பட்ட உடல்களின் படங்கள் கேட்பாரின்றிக் கைமாறிய காலம் ஒன்றை நம்மவர் கடந்து வந்திருக்கிறார்கள். தன் மகனின் படத்தை இன்னொருவரின் தொலைபேசியில் கண்ட தாய்மார் உண்டு.

அதே தொலைபேசி உங்களைக் காக்கவும் வேண்டும். சிரேஷ்ட மாணவர் என்று சொல்லிக்கொண்டு இரவில் அழைத்து மிரட்டுவதும், படம் அனுப்பச் சொல்வதும் பகிடிவதைதான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். அழிக்காமல் திரைப்படம் எடுத்து, திகதியும் எண்ணும் தெரிய, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். முறைப்பாட்டைப் பீடத்தின் மாணவர் ஆலோசகரிடமோ, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையவழிப் பகிடிவதை முறைப்பாட்டுப் பக்கத்திலோ பதியலாம். வீட்டில் ஒருவருக்காவது விடயம் தெரிந்திருக்கட்டும்.